உயர் வெப்பநிலை எரிதலில் வேதிச்சமநிலையும் மாசு வாயுக்களும்

உயர் வெப்பநிலை எரிதல் என்பது நிலக்கரி, டீசல், பெட்ரோல், எரிவாயு முதலிய எரிபொருள்கள் காற்றுடன் சேர்ந்து சுமார் 1,200 °செ-க்கு மேற்பட்ட வெப்பநிலையில் எரிவதைக் குறிக்கும். அனல் மின் நிலையக் கொதிகலன், சிமெண்ட் சூளை, வாகன எஞ்சின் ஆகியவற்றில் இத்தகைய எரிதல் நடைபெறுகிறது. இதன் முதன்மை விளைபொருள்கள் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் ஆகும். அவற்றுடன் நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்னும் இரு மாசு வாயுக்களும் உண்டாகின்றன.

அனல் மின் நிலையப் புகைபோக்கிக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலை சுமார் 130 முதல் 140 °செ. அந்த வெப்பநிலையில், சமநிலை மாறிலியின்படி நைட்ரிக் ஆக்சைடு இருக்கவே கூடாது. எந்தக் கருவியாலும் கண்டறிய முடியாத அளவுக்கே அது எஞ்ச வேண்டும். ஆனால் புகைபோக்கியில் பொருத்திய கருவிகளோ ஒரு கன மீட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் என்று காட்டுகின்றன. பதினொன்றாம் வகுப்பில் வேதிச்சமநிலைப் பாடம் படித்த மாணவருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். பாடமும் தவறில்லை, கருவியும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவில் வினைவேகம் என்ற ஒன்று இருக்கிறது.

மின்னல் செய்யும் வினை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரி நிலம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இடி மின்னலோடு இறங்கும். மின்னல் பாயும் தடத்தில் காற்றின் வெப்பநிலை கணநேரத்துக்குச் சுமார் 30,000 கெல்வின் வரை உயர்கிறது. அங்கே மூலக்கூறுகள் அணுக்களாகச் சிதறிவிடும். பின் காற்று குளிர்ந்து 3,000, 2,000 கெல்வின் என்று இறங்கும் வழியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது காற்றில் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மழைநீரில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணில் சேர்கிறது. வயலுக்கு இடும் யூரியா மூட்டையோடு ஒப்பிட்டால் இந்த அளவு சிறிது. ஆயினும் உரத் தொழிற்சாலைகள் தோன்றும் முன்பிருந்தே நடந்து வரும் வினை இது.

இதே வினையை மனிதர் வேண்டுமென்றே செய்து பார்த்த காலமும் உண்டு. நார்வே நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்லாண்டும் பொறியாளர் சாம் எய்டேயும் 1903-இல் மின்வில் வழியாகக் காற்றைச் செலுத்தி நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் முறையை உருவாக்கினர். நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்ததால் 1905-இல் நோட்டோடன் என்னும் ஊரில் தொழிற்சாலையும் அமைந்தது. மின்வில்லின் வெப்பநிலை 3,000 °செ-க்கு மேல் இருந்தும் வெளியே வந்த வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு ஓரிரு சதவீதமே. அதைக் காப்பாற்றுவதற்கு வாயுவை உடனே குளிர்விக்க வேண்டியிருந்தது. மெதுவாகக் குளிரவிட்டால் உண்டானது மீண்டும் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அங்கே தந்திரமாகக் கையாண்ட அதே விரைவுக் குளிர்விப்பு, இன்றைய கொதிகலனிலும் எஞ்சினிலும் யாரும் கேளாமலே நடந்து மாசாகி நிற்கிறது. பின்னர் வந்த ஹேபர் முறை மிகக் குறைந்த மின்சாரத்தில் அம்மோனியாவைத் தந்ததால் மின்வில் முறை கைவிடப்பட்டது.

சமநிலை மாறிலி சொல்வது

நைட்ரஜன் + ஆக்சிஜன் ⇌ 2 நைட்ரிக் ஆக்சைடு

இது வெப்பம் கொள்வினை. இரண்டு மோல் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக ஏறத்தாழ 180 கிலோஜூல் வெப்பம் தேவைப்படும். எனவே லீ சாட்லியர் கொள்கையின்படி வெப்பநிலை உயர உயரச் சமநிலை வலப்பக்கம் நகரும். வினைப்படு பொருள்களும் இரண்டு மோல், விளைபொருளும் இரண்டு மோல் என்பதால் அழுத்தம் இச்சமநிலையை மாற்றாது. டீசல் எஞ்சினில் அழுத்தம் மிகுதி, அதனால்தான் நைட்ரிக் ஆக்சைடும் மிகுதி என்று மாணவர்கள் சிலர் தேர்வில் எழுதிவிடுகின்றனர். காற்றை அமுக்குவதால் அதன் வெப்பநிலை ஏறுகிறது என்பதே அங்கு சரியான காரணம்.

இவ்வினையின் சமநிலை மாறிலி அறை வெப்பநிலையில் 10⁻³¹ என்னும் படியில் உள்ளது. 1,000 கெல்வினில் சுமார் 7.5 × 10⁻⁹, 1,500 கெல்வினில் 1.1 × 10⁻⁵, 2,000 கெல்வினில் 4 × 10⁻⁴ என்று ஏறுகிறது.

கொதிகலனில் எரிந்து முடிந்த வாயுவில் நைட்ரஜன் 76 சதவீதம், எஞ்சிய ஆக்சிஜன் 3 சதவீதம், மொத்த அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்று கொள்ளலாம். 2,000 கெல்வினில் நைட்ரிக் ஆக்சைடின் பகுதி அழுத்தத்தைக் காண 4 × 10⁻⁴, 0.76, 0.03 ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 0.003. அதாவது பத்து இலட்சம் பங்கு வாயுவில் சுமார் 3,000 பங்கு. இதே கணக்கை 1,500 கெல்வினுக்குச் செய்தால் 490 பங்கும், 1,000 கெல்வினுக்குச் செய்தால் 13 பங்கும் கிடைக்கும். புகைபோக்கியின் வெப்பநிலைக்குச் செய்தாலோ பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் மறுபடி பத்து இலட்சமாகப் பிரித்த அளவே வரும். கணிப்பான் இல்லாமலும் இக்கணக்கைச் செய்துவிடலாம். மாணவர்கள் ஒருமுறையேனும் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

உறைந்துபோகும் வினை

நைட்ரஜன் மூலக்கூறிலுள்ள முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். சுடரில் அது நேரடியாக உடைவதில்லை. அது எவ்வாறு வினைப்படுகிறது என்பதைச் சோவியத் அறிவியலாளர் யாக்கோவ் செல்டோவிச் விளக்கினார். 1946-இல் வெளியான அவருடைய விளக்கத்தின்படி, வெப்பத்தால் பிரிந்த ஓர் ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு நைட்ரஜன் அணுவையும் தருகிறது. அந்த நைட்ரஜன் அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறோடு வினைபுரிந்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடையும் ஓர் ஆக்சிஜன் அணுவையும் தருகிறது. அந்த ஆக்சிஜன் அணு மீண்டும் முதல் படியைத் தொடங்கும். இவ்வாறு சங்கிலியாக வினை தொடர்கிறது.

இதில் முதல் படிக்கு மோலுக்கு ஏறத்தாழ 318 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் தேவை. வினை வெப்பநிலைக்கு இவ்வளவு கட்டுப்பட்டிருப்பது அதனால்தான். 1,800 கெல்வினிலிருந்து 2,000 கெல்வினுக்குப் போனால் முதல் படியின் வேக மாறிலி மட்டும் சுமார் 8 மடங்காகும். ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையும் சேர்ந்து உயர்வதால் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகும் வேகம் நாற்பது மடங்குக்கு மேல் கூடிவிடும்.

சமநிலையை எட்டுவதற்கு ஆகும் காலமும் இதற்கேற்ப மாறுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் தோராயமாகக் கணக்கிட்டால், 2,500 கெல்வினில் ஒரு நொடியின் நூறில் சில பங்கு போதும். 2,000 கெல்வினில் சில நொடிகள் ஆகும். 1,500 கெல்வினிலோ ஒரு நாள் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் போதாது.

ஆகவே சூடான வாயு விரைவாகக் குளிரும்போது, உண்டான நைட்ரிக் ஆக்சைடு பின்னோக்கு வினையில் பிரிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. எந்த அளவில் இருந்ததோ ஏறத்தாழ அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. இதை வினை உறைதல் என்பர். 1,500 சுற்றில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க 20 மில்லிநொடிதான் ஆகிறது. எரிந்த வாயு 2,500 கெல்வினை ஒட்டிய உச்சத்திலிருந்து அந்தச் சிறு நேரத்துக்குள் விரிந்து குளிர்ந்துவிடும். சைலன்சர் வழியே வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு உச்ச வெப்பநிலையின் நினைவைச் சுமந்து வருகிறது என்று சொல்லலாம்.

தூத்துக்குடிக் கொதிகலனில்

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கிழக்கே நூறு கிலோமீட்டர் அளவு சென்றால் தூத்துக்குடி அனல் மின் நிலையம் வரும். ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் கொண்ட இந்நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி கடல்வழியாகத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. அதை மாவாக அரைத்து, சூடான காற்றோடு உலைக்குள் ஊதி எரிக்கின்றனர்.

இவ்வகைக் கொதிகலனின் சுடரில் வெப்பநிலை பொதுவாக 1,300 முதல் 1,600 °செ வரை இருக்கும். உலையின் மேற்பகுதியை அடையும்போது வாயு சுமார் 1,100 °செ-க்கு இறங்குகிறது. அங்கிருந்து நீராவிக் குழாய்களுக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே போய், காற்றுச் சூடாக்கியைத் தாண்டும்போது 140 °செ அளவுக்கு வந்துவிடுகிறது. உலைக்குள் வாயு தங்கும் நேரம் சில நொடிகளே. 1,500 °செ-இல் சமநிலை அளவு பத்து இலட்சத்தில் 1,500 பங்கு அளவுக்கு வரும். அதை எட்டப் பல நிமிடங்கள் வேண்டும். ஆகவே ஏறும்போது வினை உச்சியை எட்டுவதில்லை. இறங்கும்போதும் அடிவரை வருவதில்லை. மின் நிலையங்களில் அளக்கப்படும் சில நூறு பங்கு என்பது இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட எண்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். பாடநூல்களைப் படிக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு முழுவதும் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே வருகிறது என்ற எண்ணம் ஏற்படும். எரிவாயுச் சுடருக்கு அது பெருமளவு பொருந்தும். நிலக்கரிக்குப் பொருந்தாது. நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் நைட்ரஜன், கார்பனோடும் ஹைட்ரஜனோடும் பிணைந்த சேர்மங்களாக இருக்கிறது. அப்பிணைப்புகள் முப்பிணைப்பைப் போல் வலிமையானவை அல்ல. எளிதில் உடைந்து, குறைந்த வெப்பநிலையிலேயே நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். நிலக்கரித் தூள் உலைகளில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பங்கு இவ்வழியில் வருவதே. ஆகவே சுடரின் வெப்பத்தைக் குறைத்தால் மட்டும் நிலக்கரி உலையில் சிக்கல் தீராது. எரிபொருளிலிருந்து நைட்ரஜன் விடுபடும் இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்குமாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது அந்த நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தீங்கற்ற நைட்ரஜன் மூலக்கூறாகும் வாய்ப்புக் கூடுகிறது.

எதிர்ப்பக்கம் இழுக்கும் கார்பன் மோனாக்சைடு

2 கார்பன் மோனாக்சைடு + ஆக்சிஜன் ⇌ 2 கார்பன் டைஆக்சைடு

இது வலிமையான வெப்ப உமிழ்வினை. வெளிப்படும் வெப்பம் 566 கிலோஜூல். எனவே வெப்பநிலை மிக உயர்ந்தால் சமநிலை இடப்பக்கம் நகர்ந்து கார்பன் டைஆக்சைடில் ஒரு சிறு பகுதி மீண்டும் பிரிகிறது. 2,000 கெல்வினில், கார்பன் டைஆக்சைடு 14 சதவீதமும் ஆக்சிஜன் 3 சதவீதமும் உள்ள வாயுவில், சமநிலைக் கார்பன் மோனாக்சைடு பத்து இலட்சத்தில் சுமார் 1,000 பங்கு. வாயு குளிரும்போது இது விரைவாகவே மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், ஆக்சிஜன் கிடைத்தால்.

கிடைக்காவிட்டால்தான் ஆபத்து. காற்றுக் குறைந்த இடத்திலும், சுடர் குளிர்ந்த உலோகப் பரப்பைத் தொடும் இடத்திலும் இவ்வினை பாதியில் நிற்கிறது. வீட்டு எரிவாயு அடுப்பில் துளைகள் அடைத்துக்கொண்டால் நீலச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதை அனைவரும் பார்த்திருப்பர். கரியோடு கார்பன் மோனாக்சைடும் கூடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும். மின்வெட்டு நேரத்தில் கதவடைத்த அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டுவதும், காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியைப் பொருத்துவதும் உயிரைப் பறிக்கக்கூடியவை.

இதனால் பொறியாளருக்கு ஓர் இக்கட்டு ஏற்படுகிறது. காற்றைத் தாராளமாகவும் சுடரைச் சூடாகவும் வைத்தால் கார்பன் மோனாக்சைடு குறையும், நைட்ரிக் ஆக்சைடு கூடும். காற்றைக் குறைத்துச் சுடரைத் தணித்தால் நைட்ரிக் ஆக்சைடு குறையும், கார்பன் மோனாக்சைடும் சாம்பலில் எரியாத கரியும் கூடும். காற்றை மிக மிகக் கூட்டினால் வாயு நீர்த்துக் குளிர்ந்து நைட்ரிக் ஆக்சைடும் குறையத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு காற்றையும் சூடாக்கி வெளியே விட்டால் நிலக்கரி வீணாகும்.

கட்டுப்படுத்தும் வழிகள்

காற்றைப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே கொதிகலனில் முதலில் கையாளும் வழி. தொடக்கத்தில் சுடருக்குத் தேவையைவிடக் குறைந்த காற்றே தரப்படும். மீதிக் காற்று சுடருக்கு மேலே தனித் திறப்புகள் வழியாக ஊதப்படும். அங்கே வெப்பநிலை தணிந்திருப்பதால் கார்பன் மோனாக்சைடு எரிந்துவிடும், நைட்ரிக் ஆக்சைடு அதிகம் உண்டாகாது. உலையின் நான்கு மூலைகளிலிருந்தும் எரிபொருளை ஊதி நடுவில் நெருப்புச் சுழலை உண்டாக்கும் அமைப்பு இதற்கு ஓரளவு இயல்பாகவே உதவுகிறது. காற்றும் கரியும் மெதுவாகக் கலப்பதே காரணம்.

பெட்ரோல் வாகனத்தில் வழி வேறு. உறைந்துபோன வினையை வினையூக்கியால் மீண்டும் நகர்த்துகின்றனர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டு அமைப்பில் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தமக்குள் வினைபுரிந்து நைட்ரஜனாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாறுகின்றன. வினையூக்கி சமநிலையை மாற்றாது, அதை விரைவாக எட்ட மட்டும் உதவும் என்று பாடநூலில் ஒரு வரி இருக்கும். அந்த வரியின் பயனைக் காரின் அடியில் காணலாம். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற விகிதம் பிறழாமல் இருந்தால்தான் இது இரு பக்கமும் வேலை செய்யும். இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அதனுடன் வந்தது.

டீசல் புகையில் ஆக்சிஜன் மிகுதி. கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், நைட்ரிக் ஆக்சைடைத் தொடாது. எனவே 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி வைக்கப்பட்டது. யூரியா சூட்டில் பிரிந்து தரும் அம்மோனியா, வினையூக்கிப் பரப்பில் நைட்ரிக் ஆக்சைடைத் தேடிப் பிடித்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. மின் நிலையங்களிலும் இதே முறை 300 முதல் 400 °செ வெப்பநிலையில் பயன்படும். வினையூக்கி இல்லாமலும் செய்யலாம். அப்போது வாயு 850 முதல் 1,050 °செ வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே வினை நடவாது. அதற்கு மேலே அம்மோனியாவே எரிந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். சிமெண்ட் சூளைகளுக்கு இந்த வினையூக்கியற்ற முறை ஏற்றது.

ஒரே கடற்கரை, மூன்று வரம்பு

வெளியேறிய நைட்ரிக் ஆக்சைடு காற்றில் நைட்ரஜன் டைஆக்சைடாகிறது. அது நுரையீரலை உறுத்தும். வெயிலில் ஓசோன் உண்டாகத் துணைபோகும். நைட்ரேட் நுண்துகளாகவும் மாறும். வெளிக்காற்றில் நைட்ரஜன் டைஆக்சைடு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009-இல் இந்தியாவில் தரம் வகுக்கப்பட்டது.

அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு 2015 டிசம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதன்முறையாக நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு விதித்தது. 2003 இறுதிக்குள் நிறுவிய அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை நிறுவியவற்றுக்கு 300, 2017 முதல் வருபவற்றுக்கு 100. இடைப்பட்ட பிரிவின் 300 என்பது 2020 அக்டோபரில் 450 ஆகத் தளர்த்தப்பட்டது.

இந்தப் பிரிவுகளைத் தூத்துக்குடி மாவட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். 1979-இல் தொடங்கிய பழைய நிலையத்துக்கு 600. அதனருகே 2015-இல் இயங்கத் தொடங்கிய, 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட என்டிபிஎல் நிலையத்துக்கு 450. தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டாகக் கட்டப்படும் நிலையத்துக்கு 100. மூன்றுக்கும் ஒரே காற்றுதான். பழைய உலையை இடித்துக் கட்ட முடியாது என்பது ஏற்கத்தக்க நியாயமே. எனினும் மிகப் பழையது எதுவோ அதற்கே மிகத் தாராளமான வரம்பு என்பது அருகில் குடியிருப்பவரின் நுரையீரலுக்குப் புரியாத கணக்கு.

450 மில்லிகிராமை நைட்ரஜன் டைஆக்சைடாகக் கணக்கிட்டால் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 220 பங்கு. இந்த அளவைக் காற்றைப் பகுத்துக் கொடுக்கும் முறையாலேயே எட்ட முடியும். 100 மில்லிகிராம், அதாவது சுமார் 50 பங்கு, என்பதற்குப் பொதுவாக அம்மோனியாவும் வினையூக்கியும் தேவைப்படும். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருப்பதால், அத்தூசி வினையூக்கியின் நுண்ணிய வழிகளை அடைப்பதும் பரப்பைத் தேய்ப்பதும் இங்கே கூடுதல் தொல்லை.

இன்னொரு தொல்லை காற்றாலைகளிடமிருந்து வருகிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்றில் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும்போது அனல் அலகுகளின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும். மொத்தப் புகை குறைவதால் இது நல்லதே. ஆனால் குறைந்த சுமையில் சுடர் அணையாமல் காக்க நிலக்கரியின் அளவுக்கு மிஞ்சிய காற்று தரப்படுகிறது. எரிபொருள் நைட்ரஜனுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்க, ஒவ்வொரு கிலோ நிலக்கரிக்கும் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு கூடக்கூடும். வினையூக்கியைச் சேரும் வாயுவும் 300 °செ-க்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போது அம்மோனியா முழுதும் வினைபுரியாமல், வாயுவிலுள்ள கந்தக ட்ரைஆக்சைடோடு சேர்ந்து பசைபோல் ஒட்டும் உப்பாகி வினையூக்கியிலும் காற்றுச் சூடாக்கியிலும் படியும். அதைத் தவிர்க்க, சுமை மீண்டும் ஏறும்வரை அம்மோனியா செலுத்துவதையே நிறுத்தி வைக்கின்றனர்.